தீவும் கண்டமும்: சொல்லும் நிலமும்

நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு என்பது பள்ளிப் பாடநூல் கற்பிக்கும் இலக்கணம். இவ்விலக்கணத்தை அப்படியே கொண்டு உலகப்படத்தை நோக்கினால் ஆஸ்திரேலியாவும் தீவே, அண்டார்க்டிகாவும் தீவே. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்ட நாளிலிருந்து ஆப்பிரிக்காவும் தீவாகியிருக்க வேண்டும். எவரும் அவ்வாறு கூறவில்லை. உலகின் மிகப் பெரிய தீவு கிரீன்லாந்து என்றும், மிகச் சிறிய கண்டம் ஆஸ்திரேலியா என்றும் வழங்கி வருகின்றோம். கிரீன்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 21.6 இலட்சம் சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 76 இலட்சம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவில், கடலால் முற்றும் சூழப்பட்ட நிலம் உலகில் வேறு எதுவும் இல்லை. எல்லைக்கோட்டை எந்த எண்ணில் இட்டாலும் வழக்காடுவதற்கு யாரும் இலர் என்பதால் கோடு இடப்படாமலே இருந்து வந்துள்ளது. இத்தனை சதுர கிலோமீட்டர் இருந்தால் கண்டம் என வரையறுத்த நூல் இல்லை.

அளவு விடை தரவில்லையெனில் வேறு எது தரும்? இவ்வினாவுக்கு மொழியும், கடலோடிகளும், உயிரியலாரும், நிலவியலாரும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை கூறியுள்ளனர். அவ்விடைகளுள் சில தமிழரின் பழைய வழக்கோடும், அண்மைக் கால நம்பிக்கை ஒன்றோடும் நேரே தொடர்புடையன.

சொல் காட்டும் தலைகீழ்

தீவு என்பது வடமொழித் துவீபம் என்பதன் திரிபு. இருபுறம் நீருடையது என்பது அதன் சொற்பொருள். கண்டம் என்பதும் வடசொல்லே. துண்டு, பகுதி என்பது அதன் பொருள். இவ்வாறிருக்க, ஐரோப்பிய மொழிகளில் கண்டத்தைக் குறிக்கும் சொல் இலத்தீனில் 'தொடர்ந்து கிடக்கும் நிலம்' எனப் பொருள்படும் தொடரிலிருந்து பிறந்தது. அவர்கள் துண்டுபடாமையைக் கண்டு பெயரிட்டனர். நாம் அதே பொருளுக்குத் துண்டு என்னும் சொல்லை எடுத்துக்கொண்டோம். மேனாட்டு நிலநூல் தமிழில் எழுதப்பட்டபோது நேர்ந்த இம்மாற்றம் எதிர்ப்பின்றி நிலைத்துவிட்டது.

பழைய வழக்கு இதனினும் வியப்புடையது. புராண நிலநூலின்படி உலகில் ஏழு தீவுகள் உள்ளன. உவர்நீர், கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் ஆகிய ஏழு கடல்கள் அவற்றை வளையம் வளையமாகச் சூழ்ந்துள்ளன. நடுவிலுள்ள நாவலந்தீவு ஒன்பது கண்டங்களாகப் பகுக்கப்பட்டது. ஆக, தீவு பெரியது. கண்டம் அதன் உட்பிரிவு. இன்றும் சடங்குகளின் தொடக்கத்தில் சொல்லப்படும் சங்கற்பம் தீவை முன்னும் கண்டத்தைப் பின்னுமாகக் கூறி, பெரிதிலிருந்து சிறிதற்கு இறங்கி வருவதைச் செவிமடுத்தோர் அறிவர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் சிறுபாறைக் கல்வெட்டில் தம் ஆட்சிப்பரப்பைக் குறிக்க ஆண்ட பெயரும் சம்புத்தீவு என்பதே. இமயம் வரை நிலத்தால் தொடர்ந்து கிடக்கும் ஒரு பெருநிலத்தை அதன் பேரரசரே தீவு என்றழைத்தார்.

மணிமேகலைக் காப்பியம் இவ்விரு வழக்கையும் ஒருங்கே கொண்டுள்ளது. தமிழகம் சம்புத்தீவினுள் அடங்கியதாக அது பேசுகின்றது. மணிமேகலா தெய்வம் கதைத்தலைவியைக் கொண்டு சேர்த்த சிறு நிலமாகிய மணிபல்லவத்தின் காவல் தெய்வத்துக்கோ தீவதிலகை என்பது பெயர். ஒரு பெருநிலமும் ஒரு சிறு மணல்நிலமும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது சாத்தனாருக்கு இடர்ப்பாடாகத் தோன்றவில்லை. அரபு மொழியிலும் இந்நிலை உண்டு. அரேபியத் தீபகற்பத்தையும் ஒரு தனித்தீவையும் அம்மொழி 'ஜசீரா' என்னும் ஒரே சொல்லால் வழங்கும். கடலோடும் மக்களுக்கு, நீரிலிருந்து நோக்குங்கால், கரை என்பது கரைதான். அதன் பின்புறம் எவ்வளவு நிலம் உள்ளது என்பது இரண்டாவது வினா.

தமிழ் தனக்கென வைத்திருந்த சொற்கள் ஆற்றிடைப் பிறந்தவை. துருத்தி, அரங்கம், ஆற்றிடைக்குறை என்பன அவை. திருப்பூந்துருத்தியும் திருவரங்கமும் காவிரி பிளந்து அணைத்த நிலங்கள். ஆற்றிடைக்குறையில் வரும் 'குறை' என்பதற்கும் துண்டு என்றே பொருள் என்பது கருதத்தக்கது. நீர் அறுத்தெடுத்த துண்டு அது. கடல்தீவுகளுக்கோ வந்த சொல்லே நிலைபெற்றது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி அவன் பன்னீராயிரம் பழந்தீவுகளைக் கைக்கொண்டதாகக் கூறும். அவை மாலத்தீவுகள் என்பர் அறிஞர். மாலத்தீவுகளின் உண்மையான எண்ணிக்கை ஏறத்தாழ 1,200 மட்டுமே. மெய்க்கீர்த்தி பாடியவர் ஒருமுறை கூட எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்.

கிரேக்கரிடம் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டினராகிய ஏரோடோட்டசு, ஒன்றாய்க் கிடக்கும் நிலத்துக்கு ஐரோப்பா, ஆசியா, லிபியா என மூன்று பெண்பெயர்கள் ஏன் வந்தன, நைல் முதலிய ஆறுகளை எல்லையாக வகுத்தவர் யாவர் எனத் தமக்கு விளங்கவில்லை என்று எழுதினார். இருபத்தைந்து நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வினா பழமை எய்தவில்லை. ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் கடல் எதுவும் இல்லை. யூரல் மலையைக் காட்டுவது மரபு. நிலத்தால் இணைந்த இரண்டைத் தனித்தனிக் கண்டங்கள் என்பது வரலாற்று வழக்கே அன்றி நிலத்தின் இயல்பு அன்று.

தென்னிலம் தேடியோர்

தீவா கண்டமா என்னும் வினா ஏட்டளவில் நில்லாது மாந்தர் உரிமையைத் தீர்மானித்த இடம் ஆஸ்திரேலியா. இந்தியப் பெருங்கடலைத் தெற்கே ஒரு நிலம் மூடியுள்ளது எனத் தாலமி கருதினார். அக்கருத்து ஐரோப்பியப் படங்களில் அறியாத தென்னிலம் என்னும் பெயரோடு நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது. 1606இல் தச்சுக் கப்பல் தலைவர் வில்லெம் யான்சோன் ஆஸ்திரேலியாவின் வடகரையில் இறங்கினார். ஆனால் அதனை நியூகினியாவின் தொடர்ச்சி என்றே எண்ணினார். அவ்வாண்டிலேயே இசுபானியத் தலைவர் தோரசு இரண்டிற்கும் இடைப்பட்ட நீரிணையைக் கடந்து சென்றார். 1642இல் தாசுமன் நியூசிலாந்தின் மேற்குக் கரையைக் கண்டு, அது தென்னமெரிக்காவின் அருகிலுள்ள நிலத்தோடு தொடர்புடையதாகலாம் எனக் கருதினார்.

1769-70இல் நியூசிலாந்தைச் சுற்றிவந்து அது இருபெருந் தீவுகள் எனக் காட்டியவர் சேம்சு குக். அத்துணைத் திறன்வாய்ந்த வரைவாளரும் ஒரே படத்தில் இரண்டு பிழை செய்தார்: பாங்க்சு தீபகற்பத்தைத் தீவாக வரைந்தார், இசுடூவர்ட்டுத் தீவைத் தீபகற்பமாக வரைந்தார். கப்பலின் மேல்தளத்தில் நின்று நோக்குவோனுக்கு இவ்வேறுபாடு எவ்வளவு அரிது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

1770 ஆகஸ்டு 22ஆம் நாள் குக் ஆஸ்திரேலியக் கிழக்குக் கரை முழுவதையும் தம் மன்னருக்கு உரியதென அறிவித்தார். அவ்வறிவிப்பு நிகழ்ந்த இடம் பெருநிலம் அன்று; தோரசு நீரிணையின் சிறு தீவொன்று. ஒரு தீவில் நின்று ஒரு கண்டத்தின் பாதி உரிமை கொள்ளப்பட்டது. அப்போது அது கண்டம் என்பதும் முற்றும் தெளிவாகவில்லை. மேற்கே தச்சுக்காரர் கண்ட புதிய ஆலந்தும், கிழக்கே குக் கண்ட நியூசவுத்வேல்சும் ஒரே நிலமா, அல்லது நடுவே நீரிணை ஓடும் இரு தீவுகளா என்னும் ஐயம் மேலும் முப்பதாண்டுகள் நீடித்தது.

அந்த ஐயத்தைத் தீர்த்தவர் மாத்யூ பிளிண்டர்சு. 1798-99இல் பாசு என்பவரோடு தாசுமேனியாவைச் சுற்றிவந்து அது தனித்தீவு என நிறுவினார். பின்னர் 'இன்வெசுடிகேட்டர்' என்னும் கப்பலில் 1802-03இல் பெருநிலத்தை முழுவதும் வலம் வந்து, நடுவே நீரிணை இல்லை, இது ஒரே நிலம் எனக் கண்டார். அப்பயணத்தில் அவருடன் சென்ற புங்காரி என்னும் முதுகுடி மகன், தன் நிலத்தின் பிற கரைகளில் வாழ்ந்தோரிடம் நட்பு மொழி பேசி வழி உண்டாக்கியவன். ஆஸ்திரேலியாவை வலம்வந்த முதல் முதுகுடியினன் எனப் போற்றப்படுபவன் அவனே. 1803இல் வடகரையில் பிளிண்டர்சு, கடலட்டை எடுக்க ஆண்டுதோறும் வந்துபோகும் மக்காசர் வணிகரின் படகுக் கூட்டத்தையும் எதிர்கொண்டார். ஐரோப்பியர் 'கண்டுபிடித்துக்' கொண்டிருந்த கரைக்குத் தீவினத்து மக்கள் ஏற்கனவே வணிகம் செய்து வந்தனர் என்பது இதனால் விளங்கும்.

ஊர் திரும்பும் வழியில் பிளிண்டர்சு மொரீசியசுத் தீவில் பிரெஞ்சு ஆட்சியாளரால் ஆறாண்டுகளுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். ஒரு கண்டத்தின் வடிவைத் தாளில் முடித்தவர் அதை வெளியிட இயலாமல் ஒரு தீவில் காத்திருந்தார். அவருடைய நூல் 1814 சூலையில் வெளிவந்தது. மறுநாள் அவர் மறைந்தார். ஆஸ்திரேலியா என்னும் பெயரைத் தாம் விரும்பியதை அந்நூலின் அடிக்குறிப்பு ஒன்றிலேயே அவர் சொல்ல நேர்ந்தது. அப்பெயரே நின்றது.

பெருநிலம் ஒன்றே எனத் தெளிந்ததும் அது முழுவதும் ஒரே ஆட்சியின் உடைமையாயிற்று. ஆங்குப் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த மக்களுக்கு நிலவுரிமை என ஒன்று இருந்ததாகச் சட்டம் ஏற்கவில்லை. யாருக்கும் உரிமையற்ற நிலம் என்னும் கொள்கை நிலவியது. அக்கொள்கை உடைந்தது பெருநிலத்தில் அன்று என்பது நெஞ்சில் நிறுத்தத்தக்கது. தோரசு நீரிணையிலுள்ள மெர் என்னும் சிறு எரிமலைத் தீவின் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டமிட்டு, எல்லை வகுத்து, பிறர் நிலத்தில் அடிவைக்கலாகாது என்னும் தம் மரபுச் சட்டத்தின்படி வாழ்ந்தவர்கள். அத்தீவைச் சேர்ந்த எட்டி கொய்கி மாபோவும் அவர்தம் ஊரினரும் 1982இல் வழக்குத் தொடுத்தனர். பத்தாண்டுகள் அது நடந்தது. 1992 சூன் 3ஆம் நாள் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மாபோ அதனைக் காணவில்லை. அவ்வாண்டு சனவரியிலேயே இறந்துவிட்டார். ஒரு சிறு தீவின் வேலிகள் காட்டிய உண்மை, கண்டம் முழுவதற்குமான சட்டத்தை மாற்றிற்று. 1993இல் முதுகுடியினர் நிலவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இந்நிகழ்ச்சியில் தீவு என்னும் நிலை சிறுமையாகவன்றி வலிமையாக நின்றது: எல்லை தெளிவாக இருந்தமையால் உரிமையும் தெளிவாயிற்று.

தவளை கூறிய சான்று

அளவையும் வடிவையும் விட்டு, தோற்றத்தைக் கொண்டு தீவுகளை வகைப்படுத்தும் முயற்சி 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1859இல் வெளியான தம் நூலில் டார்வின், பெருங்கடலின் நடுவேயுள்ள தீவுகளில் தவளைகள் இயல்பாக இருப்பதில்லை என்பதைச் சுட்டினார். தவளைக்கு ஒவ்வாத நிலம் என்பதால் அன்று. கொண்டுபோய் விட்டால் அவை பெருகவே செய்கின்றன. உவர்நீர் தவளையையும் அதன் முட்டையையும் கொன்றுவிடுவதால் அது கடல் கடக்க இயலவில்லை. அவ்வாறே வௌவால் தவிர நிலவாழ் பாலூட்டிகளும் அத்தீவுகளில் இல்லை. தவளை உள்ள தீவு ஒருகாலத்தில் பெருநிலத்தோடு ஒட்டியிருந்தது என எண்ண இது இடம் தந்தது. ஆல்பிரடு ரசல் வாலசு 1880இல் எழுதிய 'தீவு வாழ்க்கை' என்னும் நூல் இவ்வகைப்பாட்டை விரித்தது. கண்டத்திலிருந்து பிரிந்த தீவு ஒருவகை. கடலடியிலிருந்து எரிமலையாலோ பவளத்தாலோ எழுந்து, எக்காலத்தும் கண்டத்தைத் தொடாத தீவு மற்றொரு வகை.

இவ்வகைப்பாட்டின்படி ஈழம் முதல்வகை. யானையும் சிறுத்தையும் தவளையும் அங்கு உண்டு. பாக்கு நீரிணை ஆழங்குறைந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றுள்ளதினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தபோது அது நடந்து கடக்கும் நிலமாகவே இருந்தது. இலட்சத்தீவுகளோ பவளத்தால் ஆனவை, இரண்டாம் வகை. நியூகினியாவும் ஆஸ்திரேலியாவும் அக்காலத்தில் ஒரே நிலம். மெர் தீவைச் சூழ்ந்துள்ள தோரசு நீரிணை கடல் உயர்ந்தபோது உண்டானதே.

குமரிக்கண்டம் என்னும் பெயர்

இனி, தமிழ் எழுதுவோர் பலரின் உள்ளத்திற்கு அணுக்கமான ஒன்றைத் தொடவேண்டியுள்ளது. 1864இல் பிலிப் சுகிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், இலெமூர் என்னும் விலங்கு மடகாசுகரில் மிகுந்தும், அதன் உறவினங்கள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் காணப்படுவதையும் நோக்கி, இடையே ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்கலாம் எனக் கருதினார். அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். செருமானிய அறிஞர் எக்கல் அதனை மாந்தர் தோன்றிய இடமாகவும் ஊகித்தார். அக்காலத்தில் கண்டங்கள் நகரும் என யாரும் அறியாததால் இவ்வூகம் நேர்மையான அறிவியல் முயற்சியே.

தமிழில் கடல்கொண்ட நிலம் பற்றிய மரபு அதனினும் மிகப் பழமையானது, முற்றிலும் வேறானது. இறையனார் களவியலுரை முச்சங்கங்களையும் கடல்கொண்ட மதுரையையும் கபாடபுரத்தையும் கூறும். அடியார்க்கு நல்லார் பஃறுளி, குமரி என்னும் இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட 700 காவத நிலத்தையும் 49 நாடுகளையும் கடல் கொண்டது என எழுதினார். இவ்வுரையாசிரியர்கள் 'நாடு' என்றனர், கண்டம் என்றாரில்லை. குமரிகண்டம் என்னும் தொடரோ கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் உள்ளது. ஆங்கு அது பரதன் தன் நிலத்தை எட்டு மைந்தர்க்கும் குமரி என்னும் மகளுக்கும் பகுத்தளித்தபோது மகள் பெற்ற பங்கு. கண்டம் என்பது அங்குப் பங்கு என்னும் பழம்பொருளிலேயே நிற்கின்றது. கடலில் மூழ்கிய பெருநிலம் பற்றிய பேச்சு இல்லை.

மூன்று வெவ்வேறு செய்திகள் இவை: ஓர் உரைமரபு, ஒரு புராணப் பங்கீடு, ஒரு விலங்கியல் ஊகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியிலும் இவை ஒன்றாகப் பின்னப்பட்டன. 'கண்டம்' என்னும் ஒரு சொல்லின் இருபொருளே அப்பின்னலின் முடிச்சு. பங்கு என்ற பொருளில் நின்ற சொல், மேனாட்டு நிலநூலின் பெருநிலப் பொருளைப் பெற்றதும், 49 நாடுகள் மடகாசுகர் வரை விரிந்தன.

அறிவியல் பின்னர்க் கண்டது யாதெனில், மடகாசுகர் இந்தியாவிலிருந்து பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். மாந்த இனம் தோன்றி 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. 2013இல் மொரீசியசுத் தீவின் கடற்கரை மணலில், பிளிண்டர்சு சிறையிருந்த அத்தீவிலேயே, சிர்க்கான் என்னும் கனிமத்தின் மிகப் பழைய துகள்கள் கிடைத்தன. தீவின் எரிமலைப் பாறைகளுக்கு வயது 90 இலட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டது. துகள்களுள் சிலவோ 190 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. எரிமலைத் தீவின் அடியில் பழங்கண்டத்தின் சிதறல் ஒன்று உள்ளது என்பது ஆய்வாளர் முடிவு. இச்செய்தி வந்தபோது குமரிக்கண்டம் மெய்ப்பிக்கப்பட்டது என மகிழ்ந்தோர் உண்டு. அச்சிதறல் மாந்தர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்னரே மூழ்கியது. அதில் சங்கம் வைத்தார் எவரும் இலர்.

இதனால் உரையாசிரியர் கூற்று வெறும் புனைவு என ஒதுக்கிவிடவும் இயலாது. கடல்மட்டம் உயர்ந்து குமரிமுனையின் தெற்கிலும் மன்னார் வளைகுடாவிலும் கரைநிலம் மூழ்கியது உண்மை. காவிரிப்பூம்பட்டினத்தின் அழிவைக் காப்பியமே பேசுகின்றது. இழந்த ஊர்களின் நினைவு ஒரு மொழியில் தங்குவதற்குக் கண்டம் தேவையில்லை. சில காவத நிலமும் இரண்டு ஆறுகளும் போதும். அடியார்க்கு நல்லார் சொன்ன அளவைப் பெருக்கிக் காட்டுவது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

பாறை தரும் விடை

1912இல் ஆல்பிரடு வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என உரைத்தார். ஏற்பார் அன்று சிலரே. 1930இல் அவர் உலகின் மிகப் பெரிய தீவாகிய கிரீன்லாந்தின் பனிவெளியில் உயிர்நீத்தார். 1960களில் கடலடித்தளம் விரிவது உறுதிப்பட்டதும் அவர் கருத்து நிலைபெற்றது. கண்டத்தின் புறவோடு கருங்கல் இனத்தது. சராசரி 35 முதல் 40 கிலோமீட்டர் தடிப்பு. கடலடிப் புறவோடு எரிமலைக் கரும்பாறை. ஏறத்தாழ 7 கிலோமீட்டர். முன்னது எடை குறைந்தது. ஆதலின் மேலே மிதந்து நிற்கின்றது. நிலவியலார்க்குக் கண்டம் என்பது நீருக்கு மேலிருப்பதன்று, பாறையின் இயல்பு. கிரீன்லாந்து இவ்வகையில் வட அமெரிக்காவின் பகுதி. சிறு செய்செல்சுத் தீவுகள் கடல் நடுவே நிற்கும் கருங்கல், கண்டத்தின் துணுக்கு.

இவ்விலக்கணத்தைக் கொண்டே 2017இல் நிக் மார்டிமர் முதலிய ஆய்வாளர், நியூசிலாந்தும் நியூகலிடோனியாவும் தாங்கிநிற்கும் 49 இலட்சம் சதுர கிலோமீட்டர்ப் பரப்பைச் சீலாந்தியா என்னும் தனிக் கண்டமாகக் கொள்ள வேண்டும் என்றனர். அப்பெயரை 1995இல் புரூசு லுயண்டிக் வழங்கியிருந்தார். அக்கண்டத்தில் நூற்றுக்கு 94 பங்கு நீரடியில் உள்ளது. குக் தீவுகள் என நிறுவிய நிலம் கண்டத்தின் மலைமுகடு என இப்போது சொல்லப்படுகின்றது. குக்கின் படம் பொய்யாகிவிடவில்லை, கேள்வி மாறியது.

அந்த நியூசிலாந்தின் வடபகுதியில், 1836ஆம் ஆண்டளவில், வில்லியம் கொலன்சோ என்னும் கிறித்தவத் தொண்டர் மாவோரி மக்களிடம் ஒரு வெண்கலப் பாத்திரம் கண்டார். உருளைக்கிழங்கு வேகவைக்க அதனைப் பயன்படுத்தி வந்தனர். புயலில் சாய்ந்த மரமொன்றின் வேரடியில் கிடைத்தது என்றனர். அது விளிம்புடைந்த கப்பல் மணி. அதன்மேல் மொகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி எனத் தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. அக்கரையைக் கப்பலின் உடையார் தீவு என்றாரா, பெருநிலம் என்றாரா, கண்டாரா என்பதற்கே சான்றில்லை. மணி இப்போது வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது.